மெக்கானிக்கின் எடை

கடப்பாக்கத்திலிருந்து கருங்குழிக்கு மீன் ஏற்றும் லோடு ஆட்டோ என்னுடையது. உப்புத் தண்ணீர் ஒழுகிப் பின்சக்கரத்தின் பிரேக் ஒட்டிக்கொள்வது எனக்குத் தீராத அலுப்பு. அதைப் பார்க்க வேண்டுமென்றால் நடுவிலுள்ள பெரிய நட்டைக் கழற்றி, ஹப்பையே உருவ வேண்டும். திரும்ப முடுக்குவதில்தான் உயிர் இருக்கிறது. இறுக்கம் குறைந்தால் ஓட்டத்தில் சக்கரம் கழன்று ஓடும்.

அன்றும் பாதி வழியில் ஒட்டிக்கொண்டது. பின்னால் கூடைகளோடு மீன்காரம்மா. ரோட்டோர ஷெட்டில் ஒதுக்கினேன்.

அந்த ஷெட்டில், போதுமான இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்ச் கிடையாது. மெக்கானிக்கின் உடம்புதான் அளவு. ஸ்பேனரில் நீளப் பைப்பைச் சொருகி, பைப்பின் மேல் பெயின்டால் போட்டிருக்கும் கோட்டில் ஏறி நிற்பார். நட்டு அசையாமல் நின்றால் சரி. எங்கள் பக்கத்து வண்டிகளெல்லாம் அந்த நம்பிக்கையில்தான் ஓடுகின்றன.

வேலை முடிந்தது. நான் பிரேக்கை மிதித்துக்கொள்ள, அவர் பைப்பில் ஏறி நின்றார், இறங்கினார், நட்டு கழலாதபடி அதன் ஓட்டையில் காட்டர் பின்னைச் செருகினார். "ஓட்டிக்கினு போ மச்சான்."

மீன்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா நைனா, சட்டை மட்டும் நடந்து வருது?"

"டெங்கும்மா. கஞ்சிதான் குடிச்சிகினு கெடந்தேன்."

"காத்தடிச்சா ஆலம்பரைக் கோட்டைல போயி வுழுவ!"

சிரித்துக்கொண்டே சாவியைத் திருகப் போன என் கை நின்றது.

"அண்ணாத்த, பழைய ஒடம்பு எடைக்குப் போட்டதுதானே அந்தக் கோடு?"

அவர் பைப்பைப் பார்த்தார். தன் வயிற்றைத் தடவினார். "அட, ஆமாம்பா."

"நான் ஏறட்டா?" என்றாள் அவள்.

"நீ ஏறுனா நட்டு மரையே பூடும். மதுராந்தகத்துல ஒருத்தன்கிட்ட ரெஞ்ச் கீது. போயி வாங்கியாரேன். ஆனா ஐஸ் தாங்குமா?"

கூடையிலிருந்து ஏற்கெனவே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கடன் சொல்லி எடுத்த மீன் இல்லை என்றாலும், அவளுக்கு அன்றைய பிழைப்பு அதுதான். சாக்கை இழுத்துக் கூடையை மூடினாள்.

"மீனு கெட்டா கருவாடு. நாம கெட்டா இன்னா போடுறது? போய்ட்டு வா."

வெயிலில் காத்துக் கிடந்தோம். ரெஞ்ச் வந்ததும் பின்னைப் பிடுங்கிவிட்டு முடுக்கினார்; அது 'டிக்' என்று சொல்வதற்குள் நட்டு இன்னும் நன்றாகவே திரும்பியது.

கருங்குழியில் சந்தை கலைந்துவிட்டிருந்தது. பாதி மீன் கூடையிலேயே திரும்பியது. வரும் வழியில் ஷெட்டில் நிறுத்தச் சொன்னாள். கெடாத சங்கராவாகப் பொறுக்கி மெக்கானிக்கிடம் நீட்டினாள்.

"கொழம்பு வெச்சித் தின்னு. அந்தக் கோட்டுக்குத் தக்கன ஒடம்ப ஏத்து."

"அதுவரைக்கும் ரெஞ்சைத் திருப்பித் தர மாட்டேம்மா" என்றார் அவர். நான் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினேன். மிச்ச மீனை உப்பில் போட அவளுக்கு இன்னும் வீடு போய்ச் சேர வேண்டியிருந்தது.