மாட்டுக்கு வைத்த குழாய்

இங்கே தெருவில் நடந்து போனால் வண்டி கெட்டுவிட்டதா என்று கேட்கிறார்கள். திருச்சியிலிருந்து கிள்ளானுக்குக் குடிவந்த புதிதில், கறிவேப்பிலை வாங்கக் குடையை விரித்துக்கொண்டு கடை வரிசைப் பக்கம் கிளம்பினேன். பக்கத்து வீட்டு காக் நோர் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, "கார் ரோசாக்கா?" என்றார். காக் என்றால் மலாயில் அக்கா. ரோசாக் என்றால் பழுது. இல்லை, சும்மா நடக்கிறேன் என்றேன். அவர் முகத்தில் வந்த இரக்கத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கும் என் கணவருக்கும் ஏதோ தகராறு என்று நினைத்திருப்பார். இன்னும் சிலர் இப்படிக் கேட்ட பிறகு, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டேன். அதன் பிறகு எல்லோருக்கும் திருப்தி. திருச்சியில் நடப்பவர்களுக்காக எந்த வண்டியும் ஒதுங்காது. ஆனால் நடக்கிறாயே, உனக்கு என்ன வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

எங்கள் தாமானில், அதாவது ஒரே அச்சில் வார்த்த இந்த வரிசை வீடுகளுக்கு நடுவில், என்னைப் போலக் காரில்லாமல் போகிறவர்கள் என்று அப்போது இரண்டு பேரைத்தான் பார்த்திருந்தேன். ரோஸ்லின் அக்கா தள்ளுவார். அவர் கணவர் அந்தோணி அண்ணன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சர்க்கரை வியாதியில் அண்ணனுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பிறகு சிறுநீரகமும் கெட்டது. எங்கள் தெருக்கோடிக்கு அப்பால் இருக்கும் அடுக்குமாடி வீட்டிலிருந்து, வாரத்தில் மூன்று காலைகள், எங்கள் தெரு வழியாகக் கடை வரிசையில் உள்ள டயாலிசிஸ் மையத்துக்கு வருவார்கள். முதல் முறை நான் வணக்கம் சொன்னதுமே அக்கா சிரித்தார். "இந்தியாவா தங்கச்சி? பேச்சுலயே தெரியுது லா," என்றார். லா என்பது இங்கே பேச்சுக்குப் பேச்சு ஒட்டிக்கொள்ளும் வால். அவருடைய தாத்தா ரயில்வே வேலைக்கு வந்தவராம். அக்கா பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த நாட்டில்தான், செந்தூலில். அண்ணன் குடும்பத்தில் ஊர் பெயரே மறந்து போய்விட்டது. "யாராச்சும் கேட்டா திருச்சி பக்கம்னு சொல்லிப்போம். அதான் கேட்ட பேரு," என்றார் அண்ணன். நானும் திருச்சிதான் என்றதும் இருவருக்கும் அப்படியொரு சந்தோஷம்.

எங்கள் தெருவுக்கு வேறொரு தொல்லை இருந்தது. பெரிய சாலையில் துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் சிக்னலில் நின்றுவிட்டால், பின்னால் வரும் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் குறுக்குவழி என்று எங்கள் தெருவுக்குள் புகுந்துவிடும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாசல் கேட்டைத் திறக்க முடியாது. ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் காக் நோரின் கைப்பையைப் பறித்துக்கொண்டு போனான். அவர் கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதோடு குடியிருப்போர் சங்கம் பூப்பந்து மைதானத்தில் கூட்டம் போட்டது. தலைவர் மிஸ்டர் லிம், தெருக்கோடியைக் கான்கிரீட் கட்டைகளால் முழுசாக அடைத்துவிடலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று எழுந்து நின்று கேட்டேன். கையோடு ஒரு வழியும் சொன்னேன். திருச்சியில் எங்கள் வீட்டருகே இருந்த பூங்காவின் வாசலில் இரும்புக் குழாய்களை வளைத்து வளைத்து நட்டிருப்பார்கள். ஆள் என்றால் உடம்பை இப்படியும் அப்படியும் திருப்பி உள்ளே போய்விடலாம். மாடு போக முடியாது, வண்டியும் போக முடியாது. அதை ஒரு தாளில் வரைந்து காட்டினேன். மாடு என்றதும் கூட்டம் சிரித்தது. ஆனால் மிஸ்டர் லிம் அந்தத் தாளை உயர்த்திப் பிடித்து, "குட் ஐடியா லா, மிசஸ் கலா!" என்றார். கைதட்டினார்கள். அதுவரை அந்தத் தெருவில் நான் நடந்து போகிற பாவப்பட்ட பெண். அன்று தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்து, பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்திலிருந்து களைத்து வந்த கணவரைச் சாப்பிடக்கூட விடாமல் கதை சொன்னேன்.

அனுமதி வாங்குவது, ஆள் பிடிப்பது எல்லாவற்றையும் லிம் பார்த்துக்கொண்டார். இரண்டு பக்கமும் கான்கிரீட் கட்டை, நடுவில் என் குழாய்கள், மஞ்சள் வர்ணத்தில். குழாய் நட்ட மறுநாள் காலை, செய்த வேலையை ரசிக்கலாம் என்று காய்கறிப் பையோடு போனேன். குழாய்களுக்கு அந்தப் பக்கம் ரோஸ்லின் அக்கா நாற்காலியோடு நின்றுகொண்டிருந்தார். நேராக விட்டுப் பார்த்தார். பின்னால் இழுத்துத் திருப்பி விட்டுப் பார்த்தார். சக்கரம் டங்கென்று குழாயில் இடித்தது.

"என்னா தங்கச்சி இது? முந்தாநாளு இல்லயே," என்றார். "பெரிய ரோட்டுல போனா ஓரமா நடக்க எடமே இல்ல லா, லோரிக்காரன் அடிச்சுத் தூக்கிருவான். யாரு செஞ்ச வேல இது?"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். "கமிட்டிதாங்க்கா," என்றேன்.

வெட்கமாக இருந்தது. எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. கூட்டத்தில் நடந்து வருகிறவர்களுக்காகப் பரிந்து பேசினேனே, அப்போது என் மனத்தில் இருந்ததே இந்த இரண்டு பேர்தான். அவர்கள் முகம் நினைவில் இருந்தது, வணக்கம் சொல்லும் விதம் நினைவில் இருந்தது, நாற்காலி மட்டும் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று இதைச் சிரித்துக் கடந்துவிடலாம். ஆனால் பிடித்தவள் நான்தான் என்பதை மறைத்தேனே, அதை எப்படிச் சிரித்துக் கடப்பது?

அன்று அண்ணன் ஒரு கையால் குழாயையும் இன்னொரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி அந்த வளைவுகளைக் கடந்தார். அக்கா நாற்காலியை மடித்துக் குழாய்க்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தார். அதன் பிறகு அவர்கள் வரும் காலைகளிலும் திரும்பும் மதியங்களிலும் நான் அங்கே போய் நின்றேன். லிம்மிடம் சொல்லிப் பார்த்தேன். வழியை அகலமாக்கினால் மோட்டார் திரும்ப வந்துவிடும், அடுத்த மாதக் கூட்டத்தில் பேசலாம் என்றார். அந்தக் கூட்டம் இன்னும் வரவில்லை. தெருவின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி எழுதுவேன், அனுப்பாமல் அழித்துவிடுவேன். காக் நோரின் மாவுக்கட்டுக் கையைப் பார்த்தால் வாய் வரவில்லை என்று கணவரிடம் சொன்னேன். அது பாதி உண்மை. கைதட்டு வாங்கித் தந்த குழாயை நானே பிடுங்கச் சொல்ல வேண்டுமே என்பது மீதி.

இதற்குள் ரோஸ்லின் அக்கா எனக்கு நன்றி சொல்ல ஆரம்பித்திருந்தார். ஒரு நாள் ஒரு டப்பா நிறையக் கறிபப், நம் சோமாசி மாதிரி ஒரு பலகாரம், சுட்டுக்கொண்டு வந்தார். "கறி உள்ள வச்சிருக்கேன், சூட்டோட தின்னுங்க. கமிட்டிக்காரனுக்குக் குடுத்துறாதீங்க," என்று சிரித்தார். அடுக்குமாடியிலிருந்து வந்த ஒருவரிடம் என்னைக் காட்டி, "அந்தப் பக்கத்துல மனசுள்ள ஆளு இவங்க ஒருத்தங்கதான்," என்றார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கறிபப்பைத் தின்றேன். ருசியாக இருந்தது. அதுதான் இன்னும் அவமானம்.

போன வாரம் அண்ணனைப் பாதி வழி கொண்டுவந்திருந்தோம். அவர் எடை முழுவதும் என் தோளில். எங்கள் தெருப் பக்கமிருந்து மிஸ்டர் லிம்மின் கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"மிசஸ் கலா! யுவர் ஐடியா வெரி குட் லா! நோ மோர் மோட்டோர்!"

கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். பாவம், மனமார்ந்த பாராட்டுதான் அது. ரோஸ்லின் அக்கா தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்தவர். மலாயும் ஆங்கிலமும் சரளமாகப் பேசுவார். புரியவில்லை என்று நான் நம்பிக்கொள்ளக்கூட வழியில்லை. தூக்கிய நாற்காலியைக் குழாய் மேலேயே வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"ஒங்க ஐடியாவா?"

தலையாட்டினேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவரைப் போலக் கேட்டார்.

"ஒங்க ஊர்ல நடக்க முடியாதவங்க யாருமே இல்லயா, தங்கச்சி?"

இருந்தார்கள். என் வகுப்பில் படித்த செல்வியின் அப்பா, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளில் அவளைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு வருவார். அவள் உள்ளே ஓடுவாள். அவர் வெளியே சைக்கிளிலேயே உட்கார்ந்திருப்பார். ஊஞ்சல் ஆடிவிட்டு, சறுக்கிவிட்டு, ஒவ்வொரு முறையும் அவள் குழாய்களுக்குள் வளைந்து வளைந்து வெளியே ஓடி, என்ன செய்தாள் என்று அவரிடம் சொல்லிவிட்டு வருவாள். அவருக்குப் பூங்கா பிடிக்காது போல என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் முடிந்து, கல்லூரி முடிந்து, கடல் தாண்டி வந்து, அக்கா கேட்கும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"விடு ரோஸ், நேரமாச்சு," என்றார் அந்தோணி அண்ணன். "லேட்டா போனா நர்சு சத்தம் போடும்."

அக்கா நாற்காலியை எங்கள் தெருப் பக்கம் இறக்கி விரித்தார். திரும்பி வந்து, என் தோளில் இருந்த அண்ணனின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். மீதி வளைவை இருவருமாகவே கடந்தார்கள். நாற்காலி என் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் குழாய்களுக்கு நடுவிலேயே நின்றேன். பின்னால், அடுக்குமாடிப் பக்கமிருந்து வேலைக்குக் கிளம்பி வந்த ஒரு பெண், நான் விலகட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அக்கா, நீங்க போறீங்களா, வரீங்களா?"