அண்ணை தூக்கிய கை

என் தகப்பனார் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தனக்கு விளங்கக் கதைத்த ஆளுக்கு வாக்குப் போட்டதில்லை. தேர்தல் வந்தால் வழக்குப் பேசுகிற, கோட்டுப் போட்ட அப்புக்காத்துமார் கோயில் வீதிக்கு வந்து பேசுவார்கள். ஐயா தோட்டத்தில் இறைப்பை நிறுத்திவிட்டு, கால் கழுவி, சால்வை போட்டுக்கொண்டு போவார். திரும்பி வந்து அம்மாவிடம், "என்ன பேச்சுத் தெரியுமே. பாதிக்கு மேலை ஒண்டும் விளங்கேல்லை. பெரிய படிச்ச மனுசன்" என்பார். எங்கள் வாசல் படலையடியில் நின்று பகிடியோடு வாக்குக் கேட்கிறவரை ஐயாவுக்கு நிறையப் பிடிக்கும். அவரோடு வெற்றிலை போடுவார், சிரிப்பார். வாக்கு மட்டும் போடமாட்டார். "அவன் எங்களைப்போலை ஒருத்தன். எங்களைப்போலை ஒருத்தன் அங்கை போய் என்னத்தைச் செய்யிறது" என்பது அவருடைய நியாயம்.

ஐயா காலமாகி, எனக்குக் கலியாணமாகிப் பல வருடங்களுக்குப் பிறகு அதே கேள்வி என் வீட்டுக்குள் வந்து நின்றது. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்குத் தலைவர் தெரிவு. ஒரு பக்கம் என் கணவர். மறு பக்கம் என் அண்ணை.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். மின்சாரம் போய்விட்டது, மண்ணெண்ணெய்க்கு வரிசை. கோப்பாய்ப் பக்கத்தில் எங்கள் வீடுகள் இருந்த சிறிய ஒழுங்கை பள்ளமான இடம். மாரி மழைத் தண்ணீர் ஒழுங்கை வாய்க்காலால் ஓடி, பெரிய றோட்டுக்குக் கீழே உள்ள மதகுக்குள்ளால் அந்தப் பக்கம் போய், ஒரு கத்தரித் தோட்டத்தின் ஓரமாகப் புல்வெளியான தரவைக்குப் போகவேண்டும். முந்தைய மாரியில் அந்தத் தோட்டக்காரர் தன் கத்தரி அழுகிப்போகும் என்று மதகின் வாயில் மண்மூட்டைகளை அடுக்கிவிட்டார். தண்ணீர் திரும்பி எங்கள் குசினிக்குள் வந்தது. நான் உட்காரும் கதிரைமேல் அடுப்பு வைத்துச் சமைத்தேன். பழைய தலைவர் வெளிநாட்டிலிருந்த மகளிடம் போய்விட்டார். அடுத்த மாரிக்கு முன்னர் யாராவது ஒருவர் தலைவராகி அந்த மூட்டைகளை எடுப்பிக்கவேண்டும் என்பதுதான் ஊரின் எதிர்பார்ப்பு.

என் கணவர் அரசாங்க நில அளவைக் கந்தோரில் படம் வரைகிறவர். நிறைய வாசிப்பார். அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் சோறு வடித்து இறக்கிவிடலாம். ஆனால் வந்த பதில் சரியாக இருக்கும். "கந்தோருகளிலை போய்க் கதைக்கப் படிச்ச ஆள் ஒருத்தர் வேணும்" என்று ஊரின் மூத்தவர்கள் அவரைப் பிடித்தார்கள்.

அண்ணை லான்மாஸ்ரர், அதாவது பெட்டி பூட்டிய சின்ன உழவு இயந்திரம், வைத்திருந்தவர். பெற்றோலில் சில துளி விட்டு இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டி, ஊர் மரக்கறியை எல்லாம் மருதனார்மடம் சந்தைக்குக் கொண்டுபோவார். போகிற வழியில் கண்டவரையெல்லாம் ஏற்றுவார். செத்தவீடோ சாமத்தியவீடோ, அண்ணை வந்த பிறகுதான் வீடு வீடுபோலிருக்கும். இளம் ஆட்கள் எல்லாம் அவர் பக்கம்.

அண்ணையின் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவு. நடு வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஒரு ஆள் குனிந்து போகிற அளவு இடைவெளி. கறி போகும், தேங்காய்ப்பாதி வரும், பிள்ளைகள் நாள் முழுக்க ஓடித் திரிவார்கள். படலையால் சுற்றிப் போனதாக எனக்கு நினைவில்லை. எங்கள் ஒழுங்கையின் கடைசித் தொங்கலில் இரண்டு சகோதரர்கள், ஒரு கோயில் தெரிவில் எதிரெதிராக நின்றதில் தங்கள் பொட்டை ஓலை வைத்து அடைத்தவர்கள். பிள்ளைகள் வளர்ந்து பேரப்பிள்ளைகள் வந்தும் அது திறக்கவில்லை. அந்த ஓலையைத்தான் நான் அந்த நாட்களில் நினைத்துக்கொண்டிருந்தேன். வாக்கு, கையைத் தூக்கிப் போடுவது. யாருக்குத் தூக்கினாலும் எல்லோருக்கும் தெரியும்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடினால் குசினிக்குள் போய்விடுகிற ஆள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன செய்வேன்?

இவர், என் கணவர், என்னிடம் வாக்கே கேட்கவில்லை. "நீர் உமக்குச் சரியெண்டு படுறதைச் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார். அண்ணை பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி, "பிள்ளை, ஒரு வயித்திலை பிறந்தனாங்கள், அதை மறந்திடாதை. ஆனா உனக்குச் சோறு போடுறது அவர், அதையும் மறந்திடாதை" என்றார். பிறகு, "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்டு, ஒரு கோப்பையில் வாங்கிக்கொண்டு போனார்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. கூட்டத்தில் பெண்கள் தேநீர் கொடுப்பது வழக்கம். அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு கையில் பெரிய தேநீர்க் கேத்தில், மறு கையில் பனங்கட்டித் துண்டுகள் வைத்த தட்டு. இரண்டு கையிலும் சாமான் இருந்தால் ஒருவரும் கையைத் தூக்கச் சொல்லமாட்டார்கள்.

கூட்டம் ஒரு ஞாயிறு பின்னேரம். கிராம அலுவலரான விதானையார் தலைமை. முதலில் அண்ணை எழுந்தார்.

"எனக்கு மதகைப் பற்றி ஒண்டும் தெரியாது. ஆனா மதகுக்கு அங்காலை இருக்கிறவருக்கு என்னைத் தெரியும். அவரின்ரை மகளின்ரை கலியாணத்துக்குக் கதிரை ஏத்தினது நான். ஏத்தின கூலி இன்னும் தரேல்லை. அதாலை என்னைக் கண்டா அவருக்கு ஒரு மரியாதை."

மண்டபம் சிரித்து அடங்க நேரமெடுத்தது. நானும் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பேசத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு அண்ணை போன்றவர்கள் பெரிய ஆறுதல். அவர்கள் இருக்கிற இடத்தில் நாங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது இவர். கரும்பலகையைத் திருப்பி வைத்து, ஒழுங்கையையும் றோட்டையும் தரவையையும் கீறினார். சரிவு, மட்டம், கொள்ளளவு என்றார். நடுவில் மேலே ஹெலிகொப்ரர்ச் சத்தம் கேட்டது. எல்லோரும் தலையைச் சரித்துக் காது கொடுத்தார்கள். அது பலாலி இராணுவ முகாம் பக்கம் போனதும், இவர் விட்ட சொல்லிலிருந்து மறுபடி தொடங்கினார். பின்வரிசையில் ஒருவர் நித்திரை. இவர் தோற்றுவிட்டார் என்று நினைத்தேன். அப்போது ஐயாவோடு சேர்ந்து தோட்டம் செய்த கிழவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"ஒண்டும் விளங்கேல்லை."

"எனக்கும்தான்."

"நல்ல படிச்ச மனுசன். இவருக்குத்தான் குடுக்கவேணும்."

விதானையார் முதலில் அண்ணையின் பெயரைச் சொன்னார். கைகள் எழுந்தன. எண்ணினார். பிறகு இவருடைய பெயர். மூத்தவர்களின் கைகள் எழுந்தன. அவற்றோடு முன்வரிசையில் இன்னொரு கை எழுந்தது. அது அண்ணையின் கை.

"உதென்ன பகிடி?" என்றார் விதானையார்.

"ஏன், நான் கை தூக்கக்கூடாதெண்டு சட்டம் இருக்கே?"

"உமக்கு எதிரா நிக்கிறவருக்கெல்லோ தூக்குறீர்."

"என்ரை மச்சானுக்குத் தூக்குறன். எண்ணுங்கோ ஐயா, கை உளையுது."

மண்டபம் மறுபடியும் சிரித்தது. விதானையார் எண்ணினார், இன்னொருமுறையும் எண்ணினார். இரண்டு பக்கமும் சமம். இவர் தனக்குத் தானே கை தூக்குவது முறையல்ல என்று சும்மா இருந்துவிட்டார். விதானையார் சுற்றிப் பார்த்தார். கதவடியில் நான்.

"தங்கச்சி, நீங்கள் ரெண்டு தரமும் தூக்கேல்லை."

நான் கேத்திலைக் காட்டினேன்.

"கேத்திலைக் கீழை வையுங்கோ."

வைத்தேன். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. இவர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அண்ணையைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து எனக்கு அண்ணையைப் பற்றி ஒன்று தெரியும். பகிடி விட்டால், யார் யார் சிரிக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். மெய் சொல்லும்போது மட்டும் நிலத்தைப் பார்ப்பார். மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணை தன் செருப்புக்கு முன்னால் இருந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கை பகிடிக்குத் தூக்கிய கை அல்ல. எனக்கு அது போதுமாக இருந்தது.

"இவருக்கு," என்றேன். கூட்டத்தில் நான் சொன்ன முதல் சொல் அதுதான். கையைத் தூக்க மறந்துவிட்டேன். விதானையார் நினைவூட்டிய பிறகு தூக்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பொட்டடிக்குப் போனேன். ஓலை இல்லை. அந்தப் பக்கத்தில் அண்ணை லான்மாஸ்ரரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணை அவருக்குத் தூக்கினீங்கள்?"

வாளியை வைத்துவிட்டு வந்து குந்தினார். "உன்னட்டை மட்டும் சொல்லுறன். கத்தரிக்காரன் போன கிழமை கேட்டவன், மூட்டையைத் தொட விடமாட்டன் எண்டு சொல்லண்ணை எண்டு. ஓம் எண்டு சொல்லிப்போட்டன். இஞ்சாலை ஒழுங்கைச் சனத்துக்கும் எடுப்பிக்கிறன் எண்டு ஓம் சொல்லிப்போட்டன். வெண்டிருந்தா லான்மாஸ்ரரோடை ஊரைவிட்டே ஓடியிருக்கவேணும்."

"அப்ப ஏன் போட்டிக்கு நிண்டனீங்கள்?"

"கேட்டவங்கள். கேட்டா நான் எப்ப இல்லையெண்டிருக்கிறன்?" சிறிது நேரம் நிலத்தைப் பார்த்தார். "உன்ரை மனுசனுக்கு இல்லையெண்டு சொல்லத் தெரியும் பிள்ளை. அது எல்லாருக்கும் வராது."

அடுத்த வாரம் இவர் மதகுக்குப் போனார். தண்ணீர் நிரப்பிய ஒரு நீளமான பிளாஸ்ரிக் குழாய். அதன் ஒரு முனையை ஒரு இடத்திலும் மறு முனையை இன்னொரு இடத்திலும் பிடித்தால் எது உயரம், எது பள்ளம் என்று தெரியும். மறு முனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் கத்தரிப் பாத்தியின் வரம்பில் குழாயோடு நிற்க, தோட்டக்காரர் மண்வெட்டியோடு வந்தார். கொத்திக்கொண்டு நின்றவர் அப்படியே வந்துவிட்டார், அவ்வளவுதான்.

"என்ன செய்யிறியள் என்ரை காணியிலை?"

இவர், "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டுக் குழாயைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு விளக்கத் தொடங்கினார். தோட்டம் வாய்க்காலைவிட உயரம், தண்ணீர் ஏறவே ஏறாது என்பதை, குழாயில் தண்ணீர் ஏன் சமமாக நிற்கிறது என்பதிலிருந்து தொடங்கினார். தோட்டக்காரர் மண்வெட்டியில் சாய்ந்து நின்றார். பிறகு வரம்பில் இருந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, உங்களுக்கு விளங்குதே?"

"ஓரளவு."

"எனக்கு இல்லை. உங்கடை அண்ணை வந்திருந்தா நானும் நாலு கதை சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பன். உவரோடை ஆர் வாதாடுறது? நான் மூட்டையைத் தூக்குறன், நீங்கள் உவரை ஒருக்கா நிப்பாட்டுங்கோ."

அந்த மாரியில் தண்ணீர் மதகால் போனது. கத்தரிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் நிலத்தில் அடுப்பு வைத்துச் சமைத்தேன்.

ஆனால் ஊருக்குத் தெரிந்த கதை இது அல்ல. அண்ணை லான்மாஸ்ரரில் ஏறியவர்களுக்கெல்லாம் வேறு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கதையில் தோட்டக்காரர் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தார். என் கணவர் சேற்றில் முழந்தாளில் இருந்தபடியே தலையை நிமிர்த்தாமல், "வெட்டுறதெண்டா என்னை வெட்டும். குழாயை மட்டும் வெட்டாதையும், அது கந்தோர்ச் சாமான்" என்றார். மருதனார்மடம் போய் வருவதற்குள் கதைக்கு இன்னும் இரண்டு கை முளைத்துவிடும். தோட்டக்காரருக்கே அந்தக் கதை பிடித்துப்போய், தானும் அப்படித்தான் சொல்லத் தொடங்கினார்.

இவர் சைக்கிளில் போகும்போது முன்னர் தலையை மட்டும் ஆட்டியவர்கள் இப்போது மறித்துக் கதைத்தார்கள். "என்ன ஐயா, குழாய் சுகமே?" என்பார்கள். இவர் நின்று யோசித்து, "குழாய்க்கு ஒரு குறையும் இல்லை" என்று உண்மையாகவே பதில் சொல்வார். அவர்கள் அதையும் பகிடி என்று எடுத்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கச் சிரிக்க இவருக்கும் ஒரு கூச்சம் விட்டுப்போனது. ஒருநாள் இவர் தானாகவே ஒரு பகிடி சொன்னார். நல்லதாக இருக்கவில்லை. ஆனாலும் சிரித்தார்கள்.

அடுத்த வருடம் தெரிவு வந்தபோது போட்டி இல்லை. இளம் ஆட்களே எழுந்து, "குழாயை வெட்டாதையும் எண்ட மனுசனே இருக்கட்டும்" என்றார்கள். கிழவர்கள் படித்தவர் என்று தலையாட்டினார்கள். அண்ணை இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றைக் கீழே விடச் சொன்னார் விதானையார். நான் கேத்திலைத் தூக்கிக்கொண்டு போகவேயில்லை.

அன்று வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு இவர் என்னைக் கூப்பிட்டார். முகத்தில் ஒரு கணக்குப் பிழைத்த யோசனை.

"இஞ்சேரும், நீர் அண்டைக்குக் குழாயின்ரை மற்றத் தொங்கலிலை நிண்டனீர்தானே. நான் உண்மையா அப்பிடிச் சொன்னனானோ?"

பொட்டுக்கு அந்தப் பக்கத்தில் அண்ணை யாருக்கோ அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"ஓம்," என்றேன். "கொஞ்சம் மெதுவாச் சொன்னீங்கள்."