பாதியில் நின்ற ஆட்டம்

புது வீடியோ கேமைப் பாதியில் நிறுத்தினான் மகன். "மிச்சத்த நாளைக்கு ஆடிக்கிறேன் வாப்பா." சூடேறிய பிளாஸ்டிக் வாடை வந்தது.

சைகோனில் எங்கள் பழைய கேம் பெட்டிக்கும் இதே வாடைதான். அணைத்தால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். என் வாப்பா அண்ணனை மட்டும் காரைக்காலுக்குக் கூட்டிப்போன அன்று, "எப்ப வருவே நானா?" என்று அண்ணனிடம் அழுதேன். அண்ணன் ஆட்டத்தை நிறுத்திவைத்தான்.

"ஒரு மாசந்தான். பெட்டிய அணைச்சுடாதே, வந்து முடிப்போம்."

வியட்நாம்காரியான உம்மா டிவியை மட்டும் அணைத்தாள். கொடியில் வாப்பாவின் கைலி ஒன்றுகூட இல்லாததை அவள் அன்றே பார்த்துவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. பெட்டியைத் தினமும் துடைத்துவைத்தேன்.

மழைக்காலத்தில் கரண்ட் போனது. திரும்ப வந்ததும் டிவியைப் போட்டேன்; திரையில் முதல் கட்டம். அவர்கள் வரவேயில்லை.

"நாளைக்கு வேணாம். இப்பவே ஆடி முடி" என்றேன் மகனிடம்.

"தோத்துடுவேன் வாப்பா."

"தோத்துட்டுப் போ."