எதைத் தள்ளுவாள் என்று கேட்டவர்

விளாங்குடியிலிருந்து மருத்துவமனைக்கு ஆட்டோவில் போகும்போதே என் மூன்று வயது மகள் கண்ணைத் திறக்கவில்லை. அங்கே எல்லோரும் என்ன சாப்பிட்டாள் என்றுதான் கேட்டார்கள். ரத்தம் எடுக்க வந்தவர் ஒல்லியான, நரைத்த மீசைக்காரர். எடுக்கும் ரத்தத்தை வைக்க ஐஸ்கட்டி நிரம்பிய டம்ளரோடு வந்திருந்தார். அவர் மட்டும் மாற்றிக் கேட்டார்.

“பாப்பா எதையெல்லாம் வேணாம்னு தள்ளும்?”

“முட்டை, பருப்பு, பால். ஒரே அடம்ணே. சத்து வேணுமேன்னு முட்டைய தோசைக்குள்ள மறைச்சுக் குடுத்தேன்.”

“எம்புட்டு நாளா?”

“ஒரு வாரமா.”

அவர் ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்தார்.

“அடமா இருக்காதும்மா. சில பிள்ளைக ஈரலுக்கு அதைத் தாங்க முடியாது. அதான் வாய் வேணாங்குது. டாக்டர்ட்ட ஒண்ணு விடாம சொல்லிருங்க.”

சொன்னேன். புரதத்திலிருந்து வரும் அம்மோனியாவை ஈரலால் கழிக்க முடியாமல் அது ரத்தத்தில் ஏறியிருந்தது. மகள் பிழைத்தாள்.

இப்போது டாக்டர் சொன்ன அளவுக்குத்தான் பருப்பு. உடம்பில் புரதம் ரொம்பக் குறைந்தாலும் ஈரல்தான் மூளைக்குச் சொல்லி அதைக் கேட்க வைக்கும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். நேற்று மகள் முதன்முறையாக, “இன்னும் பருப்பு” என்று வாயைத் திறந்தாள். கரண்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இது ஈரல் கேட்பதா, வெறும் ஆசையா என்று அந்த ஐஸ் டம்ளர்க்காரரிடம் கேட்க வேண்டும் போலிருந்தது. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.