துவாய் தெரியும் தூரம்

ஹனீபா நானா காலமான செய்தி எனக்கு வந்தபோது நான் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. பெட்டிக்குப் பின்னால் பெட்டி, முடிவதாக இல்லை. வழக்கம்போல அதைத் திட்டிக்கொண்டு குளிரில் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றபோது கைபேசி அடித்தது. நானாவின் மகள் பர்வீன். "அன்ரி, வாப்பா போயிட்டார்" என்றாள். விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டுச் சற்றே சாய்ந்தவர் பிறகு எழும்பவில்லையாம். கடைசிப் பெட்டி கடந்ததும் எதிர்ப்பக்கத்தில் அவருடைய தையல்கடை தெரிந்தது. விளக்கு எரியவில்லை. அன்று பின்னேரமே அடக்கம் முடிந்துவிட்டது.

கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் மாடிக்கட்டடத்தில் குடியிருப்பவர்களில் பாதிப் பேருடைய காற்சட்டைகளையாவது நானா வெட்டித் தைத்திருப்பார். இந்த நாட்டில் விற்கிற காற்சட்டைகள் எல்லாம் எங்களைவிட உயரமான ஆட்களை மனத்தில் வைத்துத் தைக்கப்பட்டவை என்பது அவருடைய உறுதியான கருத்து. "அவங்கட அளவுத் துணிய கொஞ்சம் வெட்டினாத்தான் நாங்க நடக்கலாம், தங்கச்சி" என்பார். எங்களுக்கு அவர் நானா, அதாவது அண்ணன். என்னை மட்டுமல்ல, தன்னைவிட வயதில் குறைந்த பெண்கள் எல்லாரையும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் கட்டடம் தண்டவாளத்துக்கு ஒரு பக்கம். மறுபக்கத்தில் கடைத்தொகுதி. மரக்கறிக்கடை, பஸ் தரிப்பு, பள்ளிவாசல், நானாவின் கடை, நான் மொழிபெயர்ப்பாளராக வேலைசெய்யும் சட்ட உதவி அலுவலகம் எல்லாம் அங்கேதான். இரண்டுக்கும் நடுவே பழைய நடைபாதை ஒன்று தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிறது. கல்லும் மேடும் பள்ளமுமான பாதை. ஆனால் எங்கள் வாழ்க்கை முழுவதும் அதன் மேல்தான் நடந்தது.

நானாவின் மனைவி ரஹீமா அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காமற் போனது. அதற்குப் பிறகுதான் நானா தன் கடையை அந்தக் கடைத்தொகுதிக்கு மாற்றினார். அங்கிருந்து பார்த்தால் எங்கள் கட்டடத்தில் அவர்களுடைய பல்கனி தெரியும். அக்காவுக்கு ஏதாவது தேவையென்றால் சக்கரநாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பல்கனிக் கம்பியில் ஒரு சிவப்புத் துவாயை, குளித்துத் துடைக்கிற துண்டை, போடுவார். கைபேசி எல்லாம் இருந்தது. மெசின் ஓடும்போது நானாவுக்கு அது கேட்காது, அல்லது எந்தத் துணிக்குள் கிடக்கிறது என்று தெரியாது. கம்பியில் துவாய் விழுந்தால் நானா கத்தரிக்கோலை வைத்துவிட்டுத் தண்டவாளம் தாண்டி ஓடுவார். அந்தக் கரடுமுரடான பாதையில் நாற்காலி போகாது என்பதால் அக்கா ஒருநாளும் அந்தக் கடைக்கு வந்ததில்லை.

இப்படி இருக்கையில்தான் எங்கள் லிஃப்ற் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. ரயில்களின் எண்ணிக்கை கூடப்போகிறது, ஆகவே நடைபாதை மூடப்படும், மக்கள் பெருந்தெரு மேம்பாலத்தால் சுற்றிப் போகலாம். ஆட்சேபனை உள்ளவர்கள் பொதுக்கூட்டத்தில் பேசலாம். நானா அதை இரண்டுதரம் வாசித்தார். "இத எழுதினவர் அரிசிச் சாக்கோட ஒருநாளும் நடந்திருக்க மாட்டார்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். லிஃப்றுக்குள் ஏறியபின் மெதுவாக, "துவாய் தெரியும், போகத்தான் ஏலாது" என்றார். அவருடைய முகத்தை அப்படி நான் அதற்கு முன் கண்டதில்லை.

பாதையை மூடவிடாமல் தடுக்க ஏதாவது பிடி கிடைக்குமா என்று தேடினோம். நூலகத்தில் வேலைசெய்யும் ஒரு பிள்ளை, இந்தத் தண்டவாளத்தைப் போட அனுமதித்த பழைய சட்டத்தைத் தேடிப் பிரதி எடுத்துத் தந்தாள். கனடா பிரித்தானியருக்குக் கீழிருந்த காலத்துச் சட்டம். கம்பனி பாதை போடலாம், அதற்காகக் காணி எடுக்கலாம், ஆட்களையும் பொருட்களையும் ஏற்றிக் கட்டணம் அறவிடலாம் என்று அதிகாரம் கொடுக்கிற சட்டம். வாசிக்க உட்கார்ந்த எனக்குத் தலை சுற்றியது. ஒரு வசனம் தொடங்கினால் பக்கம் முடிந்தும் முடியாது.

எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் தம்பையா அங்கிள்தான் வழி சொன்னார். "இது ஒராள் இருந்து வாசிக்கிற சாமான் இல்லை. கோயிலிலை புராணப் படிப்பு வைக்கிறமாதிரி வைப்பம். நீ படி பிள்ளை, பயன் சொல்ல ஒராள் வேணும்." எங்கள் ஊர்க் கோயில்களில் ஒருவர் பாட்டைப் படிக்க, இன்னொருவர் அதன் கருத்தை எல்லாருக்கும் விளங்க எடுத்துச் சொல்வார். அதைத்தான் பயன் சொல்வது என்பார்கள். யார் சொல்வது என்று ஆளை ஆள் பார்த்தோம்.

"நான் சொல்றன்" என்றார் ஹனீபா நானா. எல்லாரும் திரும்பினோம். "என்ன பாக்குறீங்க? மன்னார்ல எங்கட வீட்டுக்குப் பக்கத்துக் கோயில். லவுட்ஸ்பீக்கர் எங்கட பக்கந்தான் பாத்துக் கட்டியிருந்திச்சு. கேக்காம இருக்க ஏலுமா?"

கட்டடத்தின் பொது மண்டபத்துக்கு வாடகை கேட்டார்கள். ஆகவே ஞாயிறு பின்னேரங்களில் கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் படிப்பு நடந்தது. மெசின்கள் சுற்றும். சனங்கள் உடுப்பு மடித்துக்கொண்டே கேட்பார்கள். நான் ஆங்கிலத்தைப் படித்து, முட்டி மோதித் தமிழில் சொல்வேன். "முழுத் துணியாக் கிடக்கு, வெட்டித் தாங்க தங்கச்சி" என்பார் நானா. நான் துண்டு துண்டாகச் சொல்லச் சொல்ல அவர் பயன் சொல்வார். குரலை ஏற்றி, இறக்கி, ஓர் இடத்தில் நிறுத்தி, "ஆகவே" என்று தொடங்குவார். தம்பையா அங்கிள் பக்தியோடு தலையாட்டுவார். காணி கையேற்பதைப் பற்றிய பகுதிக்கு இவ்வளவு பக்தி உலகத்தில் வேறெங்கும் கிடைத்திருக்காது.

கட்டணங்களைப் பற்றிய பகுதி நானாவுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. ஒரே பயணத்துக்கு எல்லாரிடமும் ஒரே கட்டணம் வாங்க வேண்டும், ஆளைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, கட்டணத்தை எல்லார் கண்ணிலும் படும்படி எழுதித் தொங்கவிட வேண்டும் என்று அதில் இருந்தது. மறுநாளே கடையில் ஒரு பலகை தொங்கியது. அதுவரை நானாவின் விலை, வருகிறவரின் சொந்தபந்தத்தையும் நானாவின் மனநிலையையும் பொறுத்தது. பலகை வந்தபிறகும் அப்படித்தான் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் வாங்கமாட்டார். கேட்டால், "பலகை ரயிலுக்கு, தங்கச்சி. இது தையல்கடை" என்பார்.

இன்னொரு ஞாயிறை என்னால் மறக்க முடியாது. அன்று படித்த பகுதி கட்டணம் கொடுக்க மறுக்கும் பயணியைப் பற்றியது. அவரை இறக்கிவிடலாம். ஆனால் முதலில் ரயிலை நிறுத்த வேண்டும். தேவைக்கு மிஞ்சிப் பலம் பாவிக்கக் கூடாது. தரிப்பிடத்திலோ, குடியிருக்கும் வீடு ஒன்றுக்குக் கிட்டவோதான் இறக்க வேண்டும். அவருடைய பொதியையும் கூடவே கொடுக்க வேண்டும்.

நானா கையில் இருந்த துணியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "காசில்லாதவனையும் விளக்கு எரியிற வீட்டுக்குக் கிட்ட இறக்கு எண்டு சொல்லுது" என்றார். "எங்கள வெளிக்கிடச் சொன்னவங்க வீடும் பாக்கேல்ல. பொதியும் தரேல்ல."

இலங்கையின் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் எல்லாரும் ஆயுத முனையில் வெளியேற்றப்பட்டபோது நானாவுக்கும் அக்காவுக்கும் கலியாணமாகிச் சில மாதங்கள்தான். அதைச் செய்தவர்கள் தமிழரின் பெயரால் செய்தார்கள். அந்த அறையில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் அவரிடம் உடுப்புத் தைத்தும் ஒருநாளும் அதைப் பற்றி நாங்கள் அவரிடம் கேட்டதில்லை.

தம்பையா அங்கிள் எழுந்து நின்றார். "அது பிழை, நானா. அண்டைக்கே வாய் திறந்து சொல்லியிருக்கோணும். நாங்கள் சொல்லேல்லை" என்றார்.

நானா அவரைக் கையைப் பிடித்து இருத்தினார். "இப்ப சொல்லிட்டீங்க தானே அண்ணை. இருங்க. தங்கச்சி, அடுத்தத படிங்க" என்றார். அடுத்த பகுதியைப் படித்து முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கடைசியில் நாங்கள் தேடியது கிடைத்தது. தண்டவாளம் ஒருவருடைய காணியை இரண்டாகப் பிரித்தால், அவரும் அவருடைய மாடுகளும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகக் கம்பனி வழி அமைத்து, அதைப் பராமரிக்கவும் வேண்டும். தோய்க்கிற அறையில் கைதட்டல் எழுந்தது. யாரோ அன்றைக்கே பாற்சோறு காய்ச்சலாம் என்றார்கள்.

பொதுக்கூட்டத்துக்கு நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு போனோம். எழுந்து அந்தப் பகுதியைக் கம்பீரமாக வாசித்தேன். ரயில்காரர் பக்கத்தில் இருந்த இளம் சட்டத்தரணி மிக மரியாதையாகப் பதில் சொன்னார். அந்தச் சட்டம் எப்போதோ நீக்கப்பட்டு, அதற்குப் பிறகு எத்தனையோ சட்டங்கள் வந்துவிட்டனவாம். புராணம் எத்தனை தலைமுறை போனாலும் புராணம்தான். சட்டம் அப்படியல்ல என்று படிப்பு நடந்த அத்தனை ஞாயிறுகளிலும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, சட்ட உதவி அலுவலகத்தில் சம்பளம் வாங்கும் என்னையும் சேர்த்துத்தான். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்தேன்.

நானா எழுந்தார். "நான் தமிழில சொல்றன். இப்ப நீங்க பயன் சொல்லுங்க, தங்கச்சி" என்றார். மறுபடி எழுந்து அவர் பக்கத்தில் நின்றேன்.

"சட்டம் செத்துப்போச்சு எண்டு இந்தப் புள்ள சொல்லுது. சரி. ரெண்டு கரையும் இன்னும் உசிரோடதான் கிடக்கு. அந்தக் கரையில என்ட மனுசி. இந்தக் கரையில நான். அவ துவாய் போட்டா நான் ஓடோணும்." துவாயின் கதையை அப்படியே சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். "அந்தக் காலத்து ஆக்கள் காசு உழைக்கத்தான் ரயில் விட்டாங்க. அவங்களுக்கே மாடு அந்தப் பக்கம் போகோணும் எண்டு தெரிஞ்சிருக்கு. மாட்டுக்கு விட்ட வழிய மனுசருக்கு மூடாதீங்க."

கடைசி வசனத்தை மொழிபெயர்த்தபோது மண்டபம் வாய்விட்டுச் சிரித்தது. அந்தச் சட்டத்தரணியும் சிரித்தார். அடுத்த வாரம் அதிகாரிகள் நேரில் வந்து, அரிசியும் மரக்கறியும் இழுத்துக்கொண்டு கடக்கும் கிழவர்களையும் கிழவிகளையும் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு முடிவு வந்தது. சாய்தளத்தோடு ஒரு நடைப்பாலம் கட்டப்படும். அது முடியும்வரை பழைய பாதை மூடப்படாது.

பாலத்துக்கு இரும்பு ஏறிய நாட்களில் நானா வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்று மேற்பார்வை பார்த்தார். "சாய்தளம் நல்ல அகலம். ரஹீமாவக் கூட்டிக்கொண்டு வந்து கடையைக் காட்டோணும்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். பாலம் முடிய முன்னர் அவர் போய்விட்டார்.

ரஹீமா அக்கா, கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தாவை முடிக்கையில் பனி உருகி, மரங்கள் தளிர்த்து, பாலமும் திறந்திருந்தது. பர்வீன் தாயை மார்க்கம் நகரிலுள்ள தன் வீட்டுக்கு வரச்சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள். "அங்க ஆரப் பாத்துத் துவாய் போடுறது?" என்று அக்கா கேட்க, பர்வீன் கெஞ்சுவதை விட்டுவிட்டாள். போன சனிக்கிழமை நானும் பர்வீனுமாக அக்காவைப் பாலத்தால் கூட்டிப்போனோம். நாற்காலி குலுங்காமல் போனது. நடுப்பாலத்தில் கீழே ஒரு ரயில் போனபோது அக்கா குனிந்து பார்த்துச் சின்னப்பிள்ளைபோலச் சிரித்தார்.

வெளிக்கிடும்போது கம்பியில் துவாயைப் போடும்படி அக்கா சொல்லியிருந்தார். கடையைத் திறந்து, நானாவின் மெசினுக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தினோம். அக்கா யன்னலால் பார்த்தார். கனநேரம் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். எங்கள் கட்டடத்தின் அத்தனை பல்கனிகளிலும் அத்தனை பேரின் உடுப்புகள். அதற்குள் நகத்தளவில் ஒரு சிவப்பு.

"இவ்வளவு சின்னதாவா தெரியும்?" என்றார் அக்கா. "எந்த நேரம் போட்டாலும் உடன வந்து நிப்பாரே. அவருக்குக் கண்ணும் சரியில்ல." பிறகு மெதுவாகச் சொன்னார். "அப்ப இந்த மனுசன் தைக்கிறத விட்டுட்டு எப்பவும் பாத்துக்கொண்டேதான் இருந்திருக்கு."

மூன்று பேரும் அழுதோம். அழுதுவிட்டுச் சிரித்தோம், அந்தக் கடையில் காற்சட்டை ஏன் ஒருநாளும் சொன்ன தவணைக்குக் கிடைக்கவில்லை என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

நானாவிடமிருந்து எனக்குக் கிடைத்தவை இரண்டு. தோய்க்கிற அறையில் படிப்பு இன்னும் நடக்கிறது, இப்போது வாடகைக் குடியிருப்பாளர் சட்டம். முதலில் அது நடைமுறையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்கினோம். பயன் சொல்வது நான். ஓர் இடத்தில் நிறுத்தி "ஆகவே" என்னும்போது நானாவின் குரல் எனக்குள் கேட்கிறது.

மற்றது யன்னலால் பார்ப்பது. என் அலுவலக மேசையை அந்தப் பல்கனி தெரியும்படி யன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன். "இனி எனக்குப் போடுங்கோ அக்கா, என்ரை யன்னலுக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நேற்று மத்தியானம் துவாய் விழுந்தது. கையிலிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு, மூச்சுவாங்கப் பாலம் தாண்டி ஓடினேன். அக்கா பல்கனிக் கதவடியில் இருந்தார். பக்கத்தில் இரண்டு கோப்பைகளில் தேத்தண்ணீர்.

"ஒண்டுமில்ல," என்றார். "பாக்கிறீங்களா எண்டு பாத்தன்."