செவ்வாய்க்கிழமை மலிவு

சிஸ்டர் பெரியவரின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். காலமெல்லாம் லிஃப்ட் பழுதுபார்த்த கை. நகமா அது, தகடு. வெந்நீரில் ஊறவைத்து, துண்டால் ஒற்றி, ஒவ்வொரு விரலாகப் பிடித்துக்கொண்டு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினால்தான் வழிக்கு வரும். அவசரப்பட்டால் சதையோடு போகும். அவள் எதிலும் அவசரப்படுகிறவள் இல்லை.

எல்லோரும் அவளை சிஸ்டர் என்று கூப்பிட்டார்களே தவிர, நர்ஸ் படிப்பெல்லாம் அவள் படித்ததில்லை. ஆஸ்பத்திரி கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள். கட்டினவன் வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டு போன பிறகு, நாற்பதைத் தாண்டிய வயதில், நோயாளி பராமரிப்புப் பயிற்சியில் போய் உட்கார்ந்தாள். கூடப் படித்த சின்னப் பெண்கள் படுக்கைப்புண்ணைப் பார்த்துவிட்டு வெளியே ஓடி வாந்தி எடுத்தபோது, இவள் கையுறையை மாட்டிக்கொண்டு, "பஞ்சு எங்க இருக்கு?" என்று கேட்டாளாம். அன்றிலிருந்து மலம், சீழ், சளி எதற்கும் முகம் சுளித்ததில்லை. வீட்டுக்காரர்கள் தரும் டீயைக் குடிக்க மாட்டாள், தன் ஃப்ளாஸ்க்கைக் கொண்டுவருவாள். 'இன்னும் எத்தனை நாள்?' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டாள். "டாக்டரைக் கேளுங்க" என்பாள், அவ்வளவுதான்.

பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள். மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள், வீட்டில் அவளைப் பாப்பா என்பார்கள். கல்யாணம் ஒத்துவராமல் திரும்பி வந்து அப்பாவோடு இருந்தாள். மகன் வெளிநாட்டில். அவனுக்கு வீட்டில் 'ஆஃபர்' என்று பேர். வைத்தவர் பெரியவரேதான்.

டிக்கெட் போடுவது ஆஃபருக்கு வேலை இல்லை, வேட்டை. செவ்வாயும் புதனும் பறப்பவன் புத்திசாலி, வெள்ளியும் ஞாயிறும் பறப்பவன் முட்டாள். ஊரிலேயே விமான நிலையம் இருக்க, பஸ்ஸில் அரை நாள் தள்ளியிருக்கிற இன்னொன்றில் போய் இறங்குவான், அது மலிவு. ஒரே பயணத்தை மூன்று டிக்கெட்டாக உடைத்து வாங்குவான். அது அதைவிட மலிவு. பெட்டிக்குக் காசு கேட்கிறார்கள் என்று நான்கு சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, பாக்கெட்டெல்லாம் சாக்ஸைத் திணித்துக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க ஏறுவான். வயிற்றுப்பாட்டுக்குத் திண்டாடுகிறவன் இதையெல்லாம் செய்தால் கெட்டிக்காரத்தனம். இவன் வாசலில் இரண்டு கார் நின்றது.

ஒருமுறை அப்பாவையும் அம்மாவையும் தன்னிடம் வரவழைத்தான். அந்தக் கதையைப் பெரியவர் சிஸ்டரிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்.

"மூணு ஃப்ளைட்டு சிஸ்டர். நடுவுல ஒரு ராத்திரி பூரா இரும்பு நாற்காலியில. என் பொண்டாட்டி கால் ரெண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிருச்சு. ஆனா பாதி விலை!" சொல்லிவிட்டு, இருமல் வரும்வரை சிரிப்பார். அந்தம்மா இப்போது இல்லை. அன்று அந்தம்மாவும் சிரித்தாரா என்பதைப் பெரியவர் சொன்னதே இல்லை.

அன்று திங்கட்கிழமை. நகம் பாதி வெட்டியிருக்கும்போது முக்காலிமேல் இருந்த போன் அடித்தது. ஆஃபர்தான். ஈரக் கையின் முழங்கை நுனியால் ஸ்பீக்கரைத் தட்டினாள். பெரியவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சிஸ்டர், டயப்பர் பெரிய மூட்டையா வாங்கிட்டீங்களாமே? பாப்பா சொன்னா."

"ஆமா தம்பி. சில்லறையா வாங்கினா கட்டுப்படியாகல."

"கரெக்ட்! மொத்தமா எடுத்தாத்தான் மலிவு. எங்க பாப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது, நீங்க விவரமான ஆளு." அவனுக்கு அதில் மெய்யான சந்தோஷம். பின்னால் கம்ப்யூட்டரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. தட்டிக்கொண்டே கேட்டான்: "சரி, அடுத்த செவ்வாய் வரைக்கும் தாங்குமா?"

சிஸ்டர் கட்டைவிரலில் இருந்தாள். கட்டைவிரல்தான் கஷ்டம். நிமிராமலே சொன்னாள்: "தாராளமா."

"அதுக்கு அடுத்த செவ்வாய்?"

"பாத்துப் பக்குவமா போனா அதுவும் தாங்கும்."

"சூப்பர் சிஸ்டர்! பெரிய பாரம் எறங்குச்சு." வைத்துவிட்டான்.

டயப்பர் மூட்டையில் இவனுக்கு என்ன பாரம் இறங்கியது என்று அவள் ஒரு கணம் யோசித்தாள். பணக்காரர்களுக்கு எதில் எதிலோ நிம்மதி. அடுத்த விரலை எடுத்தாள்.

சாயங்காலம் மகள் கடையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சிஸ்டர், டாக்டர் காலைல என்கிட்ட வேற மாதிரியில்ல சொன்னாரு? இந்த வாரம் தாண்டுறதே கஷ்டம்னாரே. நீங்க அண்ணன்கிட்ட அதுக்கு அடுத்த செவ்வாய் வரைக்கும் அப்பா தாங்குவாருன்னு சொன்னீங்களா?"

"நானா?"

"டிக்கெட்டே போட்டுட்டான். சிஸ்டர் கேரன்டி குடுத்துட்டாங்கன்னு எழுதியிருக்கான்."

சிஸ்டருக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. படுக்கைப்புண்ணுக்கு வராத குமட்டல் வந்தது.

"போனைப் போடும்மா" என்றாள்.

ஆஃபர் உற்சாகமாகத்தான் எடுத்தான்.

"தம்பி, நீங்க கேட்டது ஒண்ணு, நான் சொன்னது ஒண்ணு. நான் டயப்பரைச் சொன்னேன்."

"நான் அப்பாவைக் கேட்டேன்" என்றான்.

"பெத்த அப்பாவைக் கேக்குறவங்க 'தாங்குமா'ன்னா கேப்பாங்க? 'தாங்குவாரா'ன்னு கேக்கணும். நான் மூட்டையைக் கேக்குறீங்கன்னு நெனச்சேன்."

"சிஸ்டர், இப்ப எனக்கு இலக்கணப் பாடம் வேணாம். இது பணம் திரும்பி வராத டிக்கெட்."

"ஐயாவும் திரும்பி வரமாட்டாரு. டாக்டர் இந்த வாரம்னு சொல்றாரு. கெளம்பி வாங்க."

"டாக்டருங்க எப்பவும் பயமுறுத்தித்தான் சொல்லுவாங்க. இன்னைக்கு விலை என்ன தெரியுமா? மூணு மடங்கு! என் ஆப்ல பாருங்க, இறங்கப் போகுது, காத்திருங்கன்னு பச்சையில காட்டுது."

மகள் போனைப் பிடுங்கினாள். "ஏன்டா, அப்பா சாகிறதுக்கும் உன் ஆப்பு பச்சை காட்டணுமா?"

"பாப்பா, உணர்ச்சிவசப்படாத. உணர்ச்சிவசப்படுறவங்களை நம்பித்தான் ஏர்லைன்காரன் பொழைக்கிறான்."

அறைக் கதவு திறந்தே இருந்தது. சிஸ்டர் உள்ளே போனபோது பெரியவர் விழித்துக்கொண்டிருந்தார். காது மட்டும் அவருக்குக் கடைசிவரை கூர்மை.

"எவ்வளவு மிச்சம் புடிச்சானாம்?" என்று கேட்டார். சிரிக்கப் பார்த்தார், மூச்சு ஒத்துழைக்கவில்லை. அவரைத் திருப்பிப் படுக்கவைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். சுவரைப் பார்த்தபடியே, "ஒருதரம் அவன் மூஞ்சியைப் பாத்துட்டா போதும் சிஸ்டர்" என்றார். "வந்துருவானா?"

ஆறுதலுக்குப் பொய் சொல்வது அவள் தொழிலில் பாதிப் பேர் செய்கிற காரியம். அவளுக்கு அது வராது.

"வரச் சொல்லியிருக்கோம் ஐயா."

மறுநாள் மகள் ஒரு காரியம் செய்தாள். தன் கார்டை வழித்துத் துடைத்து, அண்ணன் பேரில், நேராக வருகிற விமானத்தில் முழு விலைக்கு ஒரு டிக்கெட் வாங்கினாள். புதன் ஏறினால் வியாழன் காலை வீட்டில் இருப்பான். டிக்கெட்டை அவனுக்கு அனுப்பி, 'எனக்கு நீ எதுவும் தரவேண்டாம், ஏறினால் போதும்' என்று எழுதினாள். பெரியவரிடம் சிஸ்டரே போய்ச் சொன்னாள்: "ஐயா, வியாழக்கிழமை வர்றாரு." இப்போது அது பொய் இல்லை, டிக்கெட்டைக் கண்ணால் பார்த்தாயிற்று. பெரியவர் ஷேவ் பண்ணிவிடச் சொன்னார். பண்ணினாள். மகன் வாங்கித் தந்த நீலச் சட்டையைக் கேட்டார். கையைத் தூக்க முடியாதவருக்குச் சட்டை மாட்டுவது லேசில்லை. முதுகுப்பக்கம் கத்தரித்து மாட்டினாள். முன்னால் பார்த்தால் தெரியாது.

புதன்கிழமை மத்தியானம் ஆஃபரிடமிருந்து குரல் செய்தி வந்தது. மகள் சாப்பாட்டு மேசையில் போனை வைத்து ஓடவிட்டாள்.

"பாப்பா, நல்லவேளை நான் பாத்தேன். உன் தலையில நல்லா மொளகா அரைச்சிருக்கான். அதே சீட்டு, பகல் கொள்ளை! இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள கேன்சல் பண்ணிட்டா முழுப் பணமும் வந்துரும், இதெல்லாம் உனக்கு எங்க தெரியப்போகுது. பண்ணிட்டேன். உன் கார்டுக்கே வந்துரும். நான் வேற புடிச்சிட்டேன், பாதி விலை! சனிக்கிழமை மத்தியானம் அங்க இருப்பேன். ரெண்டே நாள்தான் வித்தியாசம். அண்ணனுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லு."

மகள் தட்டில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவன் காசைக்கூட இல்லை, சிஸ்டர். என் காசை மிச்சம் பண்ணியிருக்கான்."

சிஸ்டர் எழுந்து குழாயடிக்குப் போனாள். சோப்புப் போட்டு, முழங்கைவரை, விரலிடுக்கெல்லாம் கழுவினாள். எதையும் தொட்டிருக்கவில்லை. இருந்தும் கழுவினாள். கெட்டவன் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். இவன் நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு செய்கிறான். வீட்டுக்குள் செத்த எலி கிடந்தால் எடுத்துப் போடலாம். இது வாடை மட்டும் இருக்கிறது, எலியைக் காணோம்.

பெரியவரிடம் அவள்தான் மறுபடியும் சொன்னாள்.

"வியாழன் இல்ல ஐயா. சனிக்கிழமை."

"ஏனாம்?"

"டிக்கெட்டை மாத்திட்டாரு."

பெரியவர் அவளையே பார்த்தார். எவ்வளவு மிச்சம் என்று இந்த முறை கேட்கவில்லை. "சட்டையைக் கழட்டிரு" என்றார். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் மகன் பேச்சை எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பெரியவரின் மூச்சு மாறியது. அந்த மாற்றம் சிஸ்டருக்குத் தெரியும். மகளைக் கடைக்குப் போகவிடாமல் நிறுத்தினாள். வாயை ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டே இருந்தாள். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. சிஸ்டர் அவர் கண்ணை மூடிவிட்டாள், தாடையைக் கட்டினாள், கைகால் விறைப்பதற்குள் நேராக்கினாள், துடைத்துச் சுத்தம் செய்து வெள்ளைத் துணி மாற்றினாள். அதற்குப் பிறகுதான் மகளை அழவிட்டு, போனை எடுத்தாள்.

ஆஃபர் ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு விமான நிலையத்தில், அடுத்த விமானத்துக்காக உட்கார்ந்திருந்தான். ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டுமாம். அதனால்தான் அந்த விலை. செய்தி கேட்டதும் அழுதான். அழுகை நடிப்பில்லை. சின்னப் பையன் மாதிரி விக்கி விக்கி அழுதான்.

"இங்கிருந்து நேரா வர்ற ஃப்ளைட் ஒண்ணு இப்ப கெளம்பப் போகுது சிஸ்டர்" என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ராத்திரியே வந்துரலாம். கடைசி நேர விலை, கேட்டாலே நெஞ்சு வலிக்குது. இனிமே அவசரப்பட்டு என்ன பண்ண, இல்லையா?"

சிஸ்டர் போனை மகளிடம் கொடுத்தாள்.

"பாப்பா, நாளைக்கு நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க. சாயங்காலமா வெச்சுக்கலாம். அப்புறம்... இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பிரு. அந்தச் செவ்வாய்க்கிழமை டிக்கெட் வீணாப் போகுது பாரு. பெத்தவங்க செத்துட்டா மட்டும் பணத்தைத் திருப்பித் தர்றானாம். தேதி தெளிவாத் தெரியணும்."

மகள் போனைக் காதிலிருந்து எடுத்து, அதில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் பார்த்து, அணைத்தாள்.

கீழ்வீட்டுக்காரர் இடுகாட்டு அலுவலகத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். மறுநாள் காலையிலும் இடம் இருந்தது, சாயங்காலமும் இருந்தது. எதுவென்று சொன்னால் எழுதிக்கொள்வார்களாம்.

மகள் சிஸ்டரைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. அவனும் பிள்ளைதானே. ஒருதரம் பாத்துட்டுப் போகட்டுமா?"

"உங்க வீட்டு விஷயத்துல நான் சொல்லக் கூடாதும்மா."

"கேக்குறேன்ல."

சிஸ்டர் அழுக்குத் துணிகளை வாளியில் போட்டு மூடினாள். "பாக்கணும்னு கேட்டவரு ஐயா. அவருதான் போயிட்டாரு. இனிமே காத்திருந்தா அது உங்க அண்ணனுக்காகத்தான். அவருக்காகக் காத்திருக்க உங்களுக்கு மனசு இருந்தா இருங்க. எனக்கு இல்ல."

மகள் வெகுநேரம் அப்பா பக்கத்திலேயே நின்றாள். பிறகு மாடிப்படிக்கு வந்து, கீழே நின்ற கீழ்வீட்டுக்காரரை எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "காலைலயே எழுதச் சொல்லுங்கண்ணே."

மறுநாள் காலை வண்டி சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது. அந்நேரம் பார்த்து ஆஃபர் எழுதியிருந்தான்: 'எறங்கிட்டேன். டாக்ஸி அநியாய விலை கேக்குறான். பஸ்ல வர்றேன், அதுவரைக்கும் எடுக்காதீங்க.' மகள் படித்தாள், சிஸ்டரிடம் காட்டினாள், போனைப் பைக்குள் போட்டாள். கீழ்வீட்டுக்காரரும் வண்டிக்காரரும் தலைமாட்டைப் பிடித்தார்கள், சிஸ்டரும் மகளும் கால்மாட்டைப் பிடித்தார்கள். மாடிப்படித் திருப்பத்தில் கொஞ்சம் சாய்க்க வேண்டியிருந்தது. "மெதுவா, மெதுவா" என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டே இறங்கினாள். வண்டியில் ஏற்றியதும் மகள் திரும்ப மேலே போய், வீட்டைப் பூட்டி, சாவியை யாரிடமும் கொடுக்காமல் தன் பையில் வைத்துக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். "போலாம்" என்றாள்.