மஞ்சள் ஹெல்மெட்டும் வெள்ளை டேப்பும்

பந்தயம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கோவைக்கு வெளியே இருந்த டிராக்கில், காய்ந்த தரைக்கான ஸ்லிக் டயர்களைக் கழற்றிவிட்டு ரெயின் டயர் மாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் டீமுக்கு பிரேசிலிலிருந்து விருந்தாளியாக வந்திருந்த டிரைவர் தியாகோ காரில் ஏறாமல் நின்றார்.

எங்கள் முதலாளி தங்கமான மனுஷர், ஆனால் அவசரக்குடுக்கை. பிரேசில் டிரைவர்கள் என்றால் அவருக்கு உயிர். அந்த நாட்டுக்காரர் மூன்று பேர் உலகப் பட்டம் வென்ற கதையை பேக்கரியில் டீ குடிக்கும்போதும் சொல்வார். மூவரில் கடைசியானவர் மஞ்சள் ஹெல்மெட்காரர். சின்ன வயதில் மழையில் கார்ட் என்னும் குட்டிக் கார் பந்தயத்தில் தோற்று, அப்புறம் மழை பெய்யும்போதெல்லாம் தனியாக ஓட்டிப் பழகியவர். பந்தயத்திலேயே உயிரை விட்டவர். அந்தப் பாசத்தில், தியாகோவின் வெள்ளை ஹெல்மெட்டை அவரைக் கேட்காமலே மஞ்சள் அடித்துக் கொண்டுவந்துவிட்டார்.

“மழையும் வந்துபோட்டுதுங்க, மஞ்சளும் வந்துபோட்டுதுங்க. இன்னிக்கு நம்ம காருதானுங்க மொதல்ல!” என்று கார்களைத் தயார் செய்யும் பிட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தியாகோ என்னை டயர் அடுக்குக்குப் பின்னால் கூட்டிப்போனார். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே ரகம் என்பதால் நன்றாகவே புரிந்தது. மழை என்றால் அவருக்குப் பயமாம். பிரேசில்காரன் என்றாலே மழையில் பறப்பான் என்று எல்லோரும் நினைக்கிறார்களாம். அந்த மஞ்சளைப் போட்டுக்கொண்டு தோற்றால் ஊரில் எப்படி முகம் காட்டுவது என்றார்.

“கிளட்ச் போச்சுன்னு சொல்லிப்போடட்டுங்களா? பழி எம்மேல இருக்கட்டுங்க” என்று தமிழில் சொல்லி, கிளட்சைக் கையால் காட்டினேன். அவர் வேண்டாமென்று தலையாட்டினார். பிறகு, “ஓட்டுகிறேன். இந்த நிறம் மட்டும் வேண்டாம்” என்றார்.

முன்கண்ணாடியை மட்டும் விட்டுவிட்டு, ஹெல்மெட் முழுக்க வெள்ளை டேப் சுற்றினேன். அதிகாரிகள் பார்த்திருந்தால் நல்ல திட்டு விழுந்திருக்கும்.

பந்தயம் கனவு மாதிரி நடந்தது. தண்ணீர்ப் புகைக்குள் சத்தம் மட்டும் வரும். பிறகு ஒரு வெள்ளைத் தலை மிதந்து வந்து மறையும். எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோனது. தியாகோ கடைசி இடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தார். டிரைவருக்குக் காட்டும் பிட் போர்டில் இன்னும் எத்தனை லேப் சுற்ற வேண்டும் என்பதை மட்டும் எழுதிக் காட்டினேன்.

“ஏனுங்க, எத்தனாவது எடம்னு எழுதலீங்களா?” என்று முதலாளி கேட்டார். அப்போதுதான் தியாகோவின் பயத்தையும் டேப் சுற்றிய காரணத்தையும் அவரிடம் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. என் பக்கத்திலேயே நனைந்துகொண்டு நின்றார்.

மழையில் டேப் பிரியத் தொடங்கியது. லேப்புக்கு லேப் கொஞ்சம் மஞ்சள் தெரிந்தது. கார் ஒரு தடவைகூட டிராக்கை விட்டு விலகவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ கார்களுக்கு செட்டிங் செய்திருக்கிறேன். உள்ளே உட்காருகிறவரை முதலில் கேட்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

கார் வந்து நின்றதும் முதலாளி குடையோடு ஓடினார். “மன்னிச்சுக்குங்க, உங்களைக் கேட்டுப்போட்டு அடிச்சிருக்கோணுங்க.”

தியாகோ ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பாதி வெள்ளை, பாதி மஞ்சள். மீதி டேப்பை அவரே உரித்தார்.